ஒரு நூலுக்கு இரண்டு ஊசி

வேலம்மாள் தைத்த உப்பு மூட்டை வழியில் வாய் பிரிந்தது என்று மரக்காணத்து உப்பளத்தில் ஒருவரும் சொன்னது கிடையாது. லாரியில் ஏற்றி இறக்கி, திண்டிவனத்தில் கூட்ஸ் வண்டிக்கு மாற்றி, எங்கோ ஆந்திராவில் ஒரு கிடங்கில் உருட்டிப் போட்டாலும் அவள் போட்ட தையல் அப்படியே நிற்கும். மற்ற பெண்கள் ஒரு மூட்டைக்குப் பன்னிரண்டு குத்துப் போட்டால் இவள் பதினெட்டு போடுவாள். அப்படியும் அவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, கோணி ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு நிற்பாள்.

அந்த வேலம்மாளுக்குக் கால் கெட்டுப்போனது எழுபத்து நாலாம் வருஷம் ஆடி மாசத்தில். பதினான்கு வயசிலிருந்து பதினெட்டு வருஷம் உப்புப் பாத்தியில் நின்ற கால். குதிகாலில் வெடிப்பு எல்லாருக்கும் உண்டு. இவளுக்கு வெடிப்பு விரலிடுக்குகளுக்கு ஏறி, உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, சதை வெளுத்துப் புண்ணாகிவிட்டது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். மஞ்சள் அரைத்துப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் அவள் புருஷன் அப்பாதுரை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே உப்புத் தண்ணியில காலை வெக்கக் கூடாதும்மா. வெச்சா ரெண்டு வெரலை எடுக்கும்படி ஆயிடும்."

"அப்ப நான் எங்கதாங்க காலை வெக்கிறது?" என்று கேட்டாள் வேலம்மாள்.

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மூட்டை தைப்பதற்கென்று உப்பளத்தில் தனி ஆள் கிடையாது. காலையில் பாத்தியில் இறங்கி வாரிய பெண்களேதான் உப்பைச் சுமந்து அம்பாரம் போட்டு, சாயங்காலம் மூட்டையும் தைக்க வேண்டும். கால் போனால் தையலும் போயிற்று. ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் வேலம்மாள் வீட்டிலேயே கிடந்தாள். நொய்க் கஞ்சியும் சுட்ட கருவாடுமாக அப்பாதுரை ஒருவன் கூலியில் வீடு ஓடியது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் எல்லாம் ஒரே ஏரியாகி, அவன் கூலியும் நின்றது. வருஷா வருஷம் நடப்பதுதான் அது. தை பிறந்து தண்ணீர் வற்றினால்தான் திரும்ப வேலை.

"தை பொறந்ததும் நான் எறங்கிடுவேன்யா," என்றாள் ஒருநாள். "வெரலு போனா போவுது. ரெண்டு வெரலுதானே."

அப்பாதுரை அதிகம் பேசுகிறவன் அல்ல. "அப்பிடிலாம் பேசாத," என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது வீட்டுச் சாலம்மாள் ஒரு சனிக்கிழமை மழையோடு வந்தாள். அவள் பாண்டிச்சேரி போகும் வழியில், இடையஞ்சாவடிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குடியேறியிருந்த இடத்தில், ஒரு வெள்ளைக்காரி வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, ஞாயிறு மாதா கோயில் பூசை பார்த்துவிட்டுப் போவாள். அந்த வெள்ளைக்காரிக்கு மிரேல் என்று பேர். சாலம்மாளுக்கு அவள் தொரசாணி.

சாலம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு தோல் பை. வெல்லப்பாகு நிறம். அடி அகன்று மேலே குறுகி, முன்பக்கம் நாக்கு மாதிரி ஒரு மடிப்பு இறங்கி, பித்தளைக் குமிழில் பூட்டிக்கொண்டிருந்தது. தோளில் மாட்டும் வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"தொரசாணியோட அம்மா குடுத்த பையாம் வேலு. பாரீசுல பெரிய கடையில வாங்குனதாம். செருப்பு தெக்கிறவங்க கிட்டக் குடுக்க அதுக்கு மனசு வர்ல. ஆணி அடிச்சுப்புடுவாங்கன்னு பயம். நான்தான் எங்க ஊர்ல ஒருத்தி இருக்கா, அவ கையி மிசினு மாதிரின்னு சொல்லி வாங்கியாந்துட்டேன். தெச்சிருவ இல்ல?"

"தோலு நான் தொட்டதே இல்லியேக்கா."

"கோணியும் ஒனக்கு யாரும் சொல்லித் தர்லியே."

வேலம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கியதும் அவள் பார்த்தது தையலைத்தான். முன்னால் எப்படியோ பின்னாலும் அப்படியே இருந்தது. கோணித் தையலுக்கு முன்புறம் ஓர் ஓட்டம், பின்புறம் ஓர் ஓட்டம் இருக்கும். இதில் உள்ளே வெளியே என்று பிரிக்க முடியவில்லை. எல்லாக் குத்தும் ஒரே சாய்வில், அரிசியைப் படுக்க வைத்த மாதிரி வரிசையாக நின்றது. வார் பிய்ந்த இடத்தில் நூல் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அது வந்துவிட்டது, ஆனால் தையல் விடவில்லை. அதே துளைகளில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நூல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை கூழ் குடித்துக்கொண்டிருந்த அப்பாதுரையிடம் சொன்னாள்.

"யோவ், ஒரே நூலுய்யா. ரெண்டு முனையிலயும் ஊசி கோத்திருக்காங்க. ஒரு ஊசி இந்தப் பக்கம் பூந்தா, அதே தொளையில மத்தது அந்தப் பக்கத்துலேர்ந்து வருது. ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு நிக்கும். இன்னா மூளைய்யா இது!"

வலை பின்னும் நூலில், சாலம்மாள் கோயிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து, பழைய துளைகளிலேயே வாரைத் தைத்தாள். அடுத்த வாரம் சாலம்மாள் வந்து சொன்னாள்: "எது ஒன் தையலுன்னு தொரசாணிக்குத் தெரியல வேலு. கண்ணாடி போட்டுப் பாத்துச்சு. அப்புறம் இன்னா சொல்லுச்சு தெரியுமா? இவங்களால ஒரு பையே தெக்க முடியுமான்னு கேட்டுச்சு. நல்லா வந்தா அது வாங்கிக்குமாம். அதுங்க கூட்டத்துல பத்துப் பேருக்காவது வேணுமாம்."

வேலம்மாள் எழுந்து உள்ளே போனாள். அவள் வரும்போது கையில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் வெட்டிய ஏழு துண்டுகள் இருந்தன. பை அவளிடம் இருந்த நாட்களிலேயே அளவெடுத்து வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை.

முதலில் பழைய கோணியில் ஒரு பை தைத்துப் பார்த்தாள். அதில் ஒரு படி உப்பைப் போட்டு இரண்டு நாள் ஆணியில் தொங்கவிட்டாள். வார் மாட்டிய இடம் இழுத்துக்கொண்டு வாய் திறந்தது. பாரீஸ் பையும் அந்த இடத்தில்தான் பிய்ந்தது என்று அவளுக்குப் பட்டது.

"அவங்க வாரை மேல் ஓரத்துல மட்டும் தெச்சிருக்காங்க. கனம் பூராவும் நாலு குத்துல நிக்குது. நாம மூட்டைக்குக் கயிறு போட்டா அடியச் சுத்தித்தானே போடுவோம்? வாரை அடி வரைக்கும் எறக்கித் தெக்கணும்."

தோல் வாங்க அவளுடைய வெள்ளிக் கொலுசு போயிற்று. புண் வந்த நாளிலிருந்து அதைக் காலில் போட முடியாமல் பானைக்குள் வைத்திருந்தாள். அப்பாதுரை திண்டிவனத்துக்குப் போய், செருப்புக் கடை இருசப்பனிடம் ஆவாரம்பட்டையில் பதம்போட்ட தோல் ஒன்று வாங்கி வந்தான். இருசப்பன் கேட்டாராம், "பொம்பளயா தெக்கப் போவுது? ரெண்டு தோலா வாங்கிக்கப்பா, ஒண்ணு பாழாப் போவும்." ஒன்றுக்குத்தான் வழி இருந்தது. தோலில் துளை போடும் குத்தூசி ஒன்றை அவராகவே சும்மா கொடுத்து அனுப்பினார்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அப்பாதுரையின் அண்ணன் பக்கிரி. பெண்டாட்டி செத்த பிறகு வேலைக்குப் போகாமல் தம்பியோடு இருந்தார். தைப்பூசத்துக்கு மயிலம் கோயிலில் காவடி எடுக்க மாலை போட்டிருந்தார். காலையில் குளித்து, ஈர வேட்டியோடு சாமி படத்துக்கு முன்னால் நின்று, ஒருவேளைச் சாப்பாடு. தோலை அப்பாதுரை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

அடுத்த நாள் வேலம்மாள் காலுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தோல் வீட்டுக்குள் இல்லை. வெளியே விறகுக் கட்டின் மேல் கிடந்தது. மத்தியானம் அடித்த மழையில் பாதி நனைந்து, நனைந்த இடம் கறுப்பாகவும் நனையாத இடம் வெளுப்பாகவும், நடுவே கோடு விழுந்து கிடந்தது.

அவள் அதை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களா மாமா?"

"வூட்டுக்குள்ள சாமி இருக்குது," என்றார் பக்கிரி. "மாலை போட்டவன் இருக்கிற வூட்டுல மாட்டுத் தோலைக் கொண்டாந்து வெச்சா இன்னா அர்த்தம்? வெளிய வெச்சேன். மய வரும்னு நான் இன்னா கண்டனா?"

"காவடிக்கு முன்னால பம்பை அடிச்சுக்கினு வர்றாங்களே, அது எதுல கட்னது மாமா?"

பக்கிரி சாமி படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உடுக்கைக்கு இன்னா போட்டிருக்குது? அந்தச் சத்தம் கேட்டாத்தானே ஒங்களுக்கு அருளு வருது?"

"எதிர்த்துப் பேசறா பாருடா தம்பி!"

அப்பாதுரை அண்ணனையும் பார்த்தான், பெண்டாட்டியின் காலையும் பார்த்தான். கட்டுத் துணியில் சேறு ஏறியிருந்தது. "அது அவ கொலுசுண்ணா," என்றான். "நீ வெளிய வெச்சது அவ கொலுசு." அவன் அண்ணனிடம் அப்படிப் பேசியதை அந்தத் தெரு கேட்டதில்லை.

வேலம்மாள்தான் குரலை இறக்கினாள். "வுடுய்யா. மாமா விரதம் இருக்கட்டும். வூட்டுக்குள்ள வேணாம்னா வேணாம். ஆட்டுக் கொட்டாயி காலியாத்தானே இருக்குது, நான் அங்க ஒக்காந்து தெச்சுக்கறேன்."

பாதி நனைந்த தோல் காய்ந்தால் அந்தக் கோடு எந்தக் காலத்திலும் போகாது என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. கோணி நனைந்து காய்ந்ததைப் பார்த்த பழக்கமாக இருக்கலாம். நல்ல தண்ணீர் ஒரு அண்டா எடுத்து, தோல் முழுவதையும் அமுக்கி ஊற வைத்தாள். பார்த்த சாலம்மாள் "அடிப்பாவி, மிச்சத்தயும் நனைக்கிறியே!" என்று வாயில் கைவைத்தாள். வேலம்மாள் தோலை எடுத்துப் பலகையில் விரித்து, நிழலிலேயே நாலு நாள் காய விட்டாள். அரைகுறை ஈரம் இருக்கும்போது விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவி, உள்ளங்கையால் தேய்த்தாள். முறுக்கிப் பிழிந்து, உருட்டி, மறுபடி தேய்த்தாள். ஐந்தாம் நாள் அது துணி மாதிரி மடிந்தது. வெளுப்பு நிறம் போய், புளியங்கொட்டையின் நிறம் வந்திருந்தது. கோடு இருந்த இடம் அவளுக்கே தெரியவில்லை.

"அய்ய, இது தொரசாணி பையவிட நல்லாக் கீதுடி," என்றாள் சாலம்மாள்.

மார்கழியில் நாள் முழுக்க ஆட்டுக் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலைக் கீழே ஊன்றாமல் ஒரு மணைக்கட்டை மேல் நீட்டி, உப்பு வாரும் பலகை ஒன்று உடைந்ததன் இரண்டு துண்டுகளுக்கு நடுவே தோலை நெருக்கி, தொடைகளால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சீப்பின் பல்லைத் தோலில் அழுத்தினால் ஒரே இடைவெளியில் புள்ளி விழும். ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியை ஒரே சாய்வில் இறக்குவாள். பிறகு இரண்டு ஊசிகளும் எதிரெதிரே வந்து ஒரே துளையில் கடந்துபோகும். இரண்டு கையையும் விரித்து இழுக்கும்போது நூல் 'கிர்'ரென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்திலேயே இறுக்கம் போதுமா என்று தெரிந்துவிடும். போதாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி இழுப்பாள்.

வேலை சுலபமாக வந்துவிடவில்லை. மூலையைத் திருப்பும் இடத்தில் மூன்று தோல் ஒன்றாகச் சேர்ந்து, ஊசி உடைந்து கட்டைவிரலில் ஏறியது. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அன்றைக்கு இரண்டு விரற்கடை தூரம்தான் தைத்தாள். ஒரு சாரல் நாளில் கொட்டகையின் மேற்குப் பக்கமாக மழை சாய்ந்து உள்ளே வந்தது. தோலைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தவள், வெளியே சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். பக்கிரி, ஈர வேட்டியோடு, ஒரு பனையோலைத் தட்டியைக் கொட்டகையின் பக்கவாட்டில் சாத்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, "காத்து மாறினா அந்தப் பக்கம் வெக்கணும், சொல்லு," என்று மழையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓரங்களுக்குக் கஞ்சி தடவி, சோடா பாட்டிலால் பளபளவென்று தேய்த்தாள். பித்தளைக் குமிழுக்குப் பதிலாகப் வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் ஒரு முளை செதுக்கச் சொன்னாள் அப்பாதுரையிடம். "உப்புக் காத்துல பித்தளை பச்சை புடிச்சிடும். அந்தப் பையிலயே புடிச்சிருந்துச்சு," என்றாள். அப்பாதுரை நாலு முளை செதுக்கினான். நாலாவதைத்தான் ஒப்புக்கொண்டாள்.

போகிக்கு முந்தின வாரம் பை முடிந்தது. வேலம்மாளும் சாலம்மாளும் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய், வழியில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்தார்கள். கட்டுப் போட்ட காலோடு வேலம்மாள் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். பை வெள்ளைத் துண்டில் சுற்றி மடியில் இருந்தது.

மிரேல் கீற்றுக் கூரை போட்ட வட்ட வீடு ஒன்றில் இருந்தாள். ஐம்பது வயதுக்காரி. துண்டைப் பிரித்துப் பையை எடுத்தாள். தன்னுடைய பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஓரத்தை விரலால் தடவினாள். வாரைப் பிடித்து இழுத்தாள். மர முளையைத் திருகித் திறந்து மூடினாள். பிறகு சாலம்மாளிடம் ஏதோ கேட்டாள்.

"வாரை ஏன் அடி வரைக்கும் எறக்கினன்னு கேக்குது வேலு. பூட்டு ஏன் மரம்னு கேக்குது."

தப்புப் பண்ணிவிட்டோமோ என்றிருந்தது வேலம்மாளுக்கு. ஆனாலும் சொன்னாள். "அவங்க பையி அந்த எடத்துலதானே பிஞ்சுது. மறுபடி பியக் கூடாது இல்ல? பித்தளை எங்க ஊரு காத்துக்கு நிக்காது. மரம் நிக்கும். வேணாம்னா மாத்திக் குடுத்துடறேன்னு சொல்லுக்கா."

சாலம்மாள் தனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னாள். மிரேல் கேட்டுக்கொண்டாள். தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து கண்ணாடிக் கூடு, ஒரு சின்ன நோட்டு, பேனா, சாவிக் கொத்து, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் வேலம்மாள் தைத்த பைக்குள் வைத்தாள். மர முளையை மாட்டினாள். தோளில் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள்.

"நல்லா," என்றாள் தமிழில். "ரொம்ப, ரொம்ப நல்லா."

பைக்கு விலையைக் கொடுத்துவிட்டு, இன்னும் ஆறு பை வேண்டும் என்றும் அதற்குத் தோல் வாங்கத் தானே முன்பணம் தருவதாகவும் சாலம்மாள் மூலம் சொன்னாள். கிளம்பும்போது தன்னுடைய பழைய பையை எடுத்து வேலம்மாள் கையில் கொடுத்தாள். "அது ஒனக்காம்," என்றாள் சாலம்மாள், நம்ப முடியாமல்.

பாரீஸ் பையைப் பார்க்கத் தெரு முழுக்கக் கூடிவிட்டது. ஒவ்வொருத்தியும் தோளில் மாட்டிப் பார்த்தாள். அதை மாட்டிக்கொண்டுதான் அடுத்த கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். விற்றால் நல்ல விலை போகும் என்று இன்னொருத்தி. வேலம்மாள் எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கொட்டகையில் போய் உட்கார்ந்து, பிளேடை எடுத்து, பையின் பக்கத் தையலை அறுத்தாள்.

"அடியே! இன்னாடி பண்ற!" சாலம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஆசையா குடுத்ததை அறுக்கறியே!"

"உள்ள எப்பிடி வெச்சிருக்காங்கன்னு பாக்கணும்க்கா. வெளியில இருக்கிறதத்தான் இதுவரைக்கும் பாத்தேன். உள் துணிக்கு அடியில எது வெறைப்பா நிக்க வெக்குதுன்னு தெரியல. ஆறு பை தெக்கணும் இல்ல?"

குத்துக் குத்தாக நூலை எடுத்தாள். கூடியிருந்த பெண்கள் ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள். அப்பாதுரை மட்டும் பக்கத்தில் குந்திக்கொண்டு, அவள் பிரித்துக் கொடுத்த துண்டுகளை வரிசையாக அடுக்கினான். மாலையும் கழுத்துமாகப் பக்கிரி கொட்டகை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

உள் துணியை உரித்ததும் அட்டையும் தோலும் ஒட்டிய அடிப்பலகை தெரிந்தது. வேலம்மாள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இன்னா வேலு?" என்றான் அப்பாதுரை.

"இங்க பாருய்யா."

அடி மூலையில், தையல் ஓடிய வரிசைக்கு ஒரு நூல் அளவு தள்ளி, இன்னொரு வரிசைத் துளைகள் இருந்தன. பதினொரு துளைகள். எதிலும் நூல் இல்லை. முதல் ஏழு நேராக வந்து, எட்டாவதிலிருந்து கோணலாக இறங்கியிருந்தன. யாரோ அந்த இடம்வரைக்கும் தைத்துவிட்டு, தப்பு என்று கண்டு, பிரித்துவிட்டு, பக்கத்திலேயே புதுசாகத் தைத்திருக்கிறார்கள். மேலே துணியை ஒட்டி மறைத்துவிட்டார்கள்.

வேலம்மாள் அந்தத் துளைகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"மூலை திருப்பறப்ப கை நழுவியிருக்குது," என்றாள். "எனக்கும் அங்கதான்யா நழுவுச்சு." தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "யாரு பெத்த பொண்ணோ. ஊசி வெரல்ல ஏறியிருக்கும் பாவம்," என்றாள்.

அப்பாதுரை சிரித்தான். "பொம்பளதான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் அடிப்பலகையைச் சிமெண்ட் காகிதத்தின் மேல் வைத்து, கரித்துண்டால் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள். காகிதம் காற்றில் சுருண்டது. வாசலில் நின்றிருந்த பக்கிரி குனிந்து உள்ளே வந்து, காகிதத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.